செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, நூலகவியல் படிப்பு இனி எதற்கு?

நிரல்நெசவு:

என் அக்காள் மகள் நூலகவியல் முதுகலையில் சேர விண்ணப்பம் வாங்கியிருக்கிறாள். "மாமா, என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இரண்டு நாட்களாக வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆகவே இங்கே வந்து கேட்கிறேன்: நான் சொன்னதில் என்ன தவறு?

என் தரப்பு இதுதான். பகுப்பது, பட்டியலிடுவது, தேடி எடுத்துக் கொடுப்பது ஆகிய மூன்றும் நூலைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்த காலத்து வேலைகள். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் நூல்களை வகைப்படுத்த மனித அறிவு முழுவதையும் பத்துப் பெட்டிகளில் அடைத்தார். ஒரு நூலை அடுக்கில் ஓரிடத்தில்தான் வைக்க முடியும் என்பதால் அவருக்கு வேறு வழி இல்லை. கணினிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. சாட்ஜிபிடி போன்ற கருவிகளுக்குள் இருக்கும் இன்றைய பெருமொழி மாதிரிகள் ஒரு பத்தியின் பொருளையே எண்களாக்கி வைத்துக்கொள்கின்றன. "மூட்டு வலி" என்று தேடினால் "முழங்கால் தேய்மானம்" என்று மட்டும் எழுதியிருக்கும் பக்கமும் வந்து நிற்கிறது. அதற்காக யாரும் உட்கார்ந்து பொருள் தலைப்பு எழுதவில்லை.

இது என் ஊகம் மட்டும் அல்ல. மருத்துவ ஆய்விதழ்களுக்கென்று அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டுரையையும் பயிற்சி பெற்ற ஒருவர் படித்து, 'மெஷ்' என்ற சொல்தொகுதியிலிருந்து தலைப்புகளை இட்டுவந்தார். 2022இல் அந்த வேலை இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டது. அந்தத் தொழிலில் தலைசிறந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், இப்போது புதிதாகச் சேர்கிறவள் என்ன செய்வாள்?

மூன்றாம் அடுக்கு:

ஒரு கல்லூரி நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். மெட்லைன் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அந்த இயந்திரம் எதைப் பார்த்துத் தலைப்பிடக் கற்றுக்கொண்டது? பல பத்தாண்டுகளாக மனிதர்கள் இட்டுவைத்த தலைப்புகளைப் பார்த்து. அது எடுத்து இடும் சொற்கள் எங்கிருந்து வருகின்றன? மெஷ் தொகுதியிலிருந்து. அந்தத் தொகுதியை ஆண்டுதோறும் ஆட்கள்தான் திருத்துகிறார்கள். இயந்திரம் இட்டதை எடுத்துப் பார்த்துத் திருத்தவும் ஆட்கள் இருக்கிறார்கள். கட்டுரைக்குக் கட்டுரை தலைப்பிடும் வேலை குறைந்துவிட்டது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அறிவு தேவையில்லாமல் போய்விட்டது என்று சொன்னால் எங்கள் மேசைக்கு வந்து ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள்.

சென்ற மாதம் நடந்தது. இளங்கலை இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஏழு கட்டுரைகளின் பட்டியலோடு வந்தார். "இதில் ஒன்றுகூட நம் தரவுத்தளத்தில் இல்லை அம்மா, சந்தா கட்டவில்லையா?" என்றார், கொஞ்சம் கோபமாகவே. வாங்கிப் பார்த்தேன். முதல் கட்டுரை: ஆய்விதழ் உண்மை, 34ஆம் தொகுதியும் உண்மை. 211 முதல் 229 வரை என்று பக்க எண் இருந்தது. அந்தத் தொகுதியை எடுத்தால், 218ஆம் பக்கத்தோடு வேறொருவர் கட்டுரை முடிந்து, 219இல் நூல் மதிப்புரைகள் தொடங்குகின்றன. இரண்டாவது: ஆசிரியர் உயிரோடு இருக்கிறார், துறையில் பெயர் பெற்றவர், அந்தத் தலைப்பில் ஒரு வரிகூட எழுதியதில்லை. மூன்றாவதன் டிஓஐ எண்ணை (இணையத்தில் ஒரு கட்டுரைக்கு உரிய நிலையான அடையாள எண்) தட்டியதும் நன்னீர் மீன்களின் செவுள் அமைப்பு பற்றிய கட்டுரை திறந்தது. மாணவர் படிப்பது கல்வி உளவியல்! ஏழில் ஒன்றே ஒன்று உண்மை, அதிலும் ஆண்டு தவறு.

அந்தப் பட்டியலில் எழுத்துப்பிழை இல்லை. சாய்வெழுத்து வர வேண்டிய இடத்தில் சாய்வெழுத்து, கமா வர வேண்டிய இடத்தில் கமா. என் மாணவர்கள் தாமாக எழுதும் பட்டியல் ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியதே அதனால்தான். கேட்டால், செயற்கை நுண்ணறிவுக் கருவி போட்டுக் கொடுத்த பட்டியலாம்.

சட்டப்புள்ளி:

எங்கள் தொழிலில் இது மாணவர் கதையோடு நிற்கவில்லை. நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்தின்மேல் தொடுத்த இழப்பீட்டு வழக்கில், இல்லாத தீர்ப்புகள் ஆறினை முன்தீர்ப்புகளாகக் காட்டி மனு தாக்கல் செய்தார்கள். எல்லாம் சாட்ஜிபிடி புனைந்தவை. 2023 ஜூனில் நீதிபதி 5000 டாலர் அபராதம் விதித்தார். வழக்கறிஞர் சரிபார்க்காமலும் இல்லை. இது உண்மையான வழக்குதானா என்று அதே சாட்ஜிபிடியிடம் கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதாம். சாட்சியையே நடுவராக்கினால் வேறென்ன கிடைக்கும்?

நிரல்நெசவு:

2023 கதையை இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்போம்? அன்றைய மாதிரிகள் நினைவிலிருந்து பேசின. இன்றைய கருவிகள் முதலில் தேடுகின்றன, எடுத்த ஆவணத்தைக் காட்டுகின்றன, பிறகுதான் பதில் சொல்கின்றன. பிழை இன்னும் இருக்கிறது, மறுக்கவில்லை. பிழைபார்ப்பதற்காக இரண்டாண்டுப் பட்டப்படிப்பு வேண்டுமா என்பதே என் கேள்வி.

அம்மா அவர்கள் சொல்தொகுதியைப் பெருமையாகச் சொன்னார்கள். 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனையைப் படித்திருப்பீர்கள். வானூர்தியியல் சார்ந்த 1400 ஆவணங்கள், அவற்றைத் தேடுவதற்கான கேள்விகள், எந்தக் கேள்விக்கு எந்த ஆவணம் பொருந்தும் என்று முன்பே எழுதிவைத்த தீர்ப்பு. இவற்றை வைத்துக்கொண்டு பலவகை அட்டவணை முறைகளை மோதவிட்டார். வென்றது எது? ஆவணத்திலேயே இருக்கும் சாதாரணத் தனிச் சொற்கள். நிபுணர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய முறைகள் பின்தங்கின. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது, நாம்தான் மேல்முறையீடு செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. இன்று அதைச் செய்வது யார்? அவர் இருந்திருந்தால் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

ஓய்வில் இருப்பவன்:

ரங்கநாதனைச் சாட்சிக்கு அழைத்துவிட்டதால் நானும் கூண்டேற வேண்டியிருக்கிறது. நாற்பது ஆண்டுகள் பட்டியலாக்கம் செய்தவன்.

தம்பி, கிளெவர்டன் யார் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அவர் கிரான்ஃபீல்டில் இருந்த வானூர்தியியல் கல்லூரியின் நூலகர். தன் தொழிலின் நம்பிக்கைகளைத் தானே சோதனைக்கு உட்படுத்தி, வந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டவர். ஆவணத் திரட்டு, கேள்விகள், பொருத்தத் தீர்ப்பு என்ற அந்த அமைப்பைக் கொண்டுதானே நீங்கள் இன்றைக்கும் தேடல் கருவிகளை மதிப்பிடுகிறீர்கள்? மேற்கோள் காட்டப்படுவதை வைத்து ஒரு கட்டுரையின் செல்வாக்கை அளக்கலாம் என்று காட்டிய யூஜின் கார்ஃபீல்டும் நூலகவியல் படித்தவர். அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964இல் வந்தது. இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்த 1998இல் கூகுள் நிறுவனர்கள் எழுதிய கட்டுரையைப் புரட்டுங்கள், மேற்கோள் ஆய்வு அதில் பேசப்பட்டிருக்கும்.

பத்துப் பெட்டி என்று டூயியைக் குறை சொன்னீர்கள். அதே குறையைச் சொல்லித்தான் ரங்கநாதன் தன் கோலன் பகுப்பு முறையைத் தொடங்கினார். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், நூலகராகி லண்டனுக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில், ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பார்த்தார். ஒரே துண்டுகள், பூட்டும் விதத்தில் வேறுவேறு பொம்மைகள். 1933இல் நூல் வந்தது. பெட்டிகளை முன்கூட்டியே அடித்து வைக்காமல், பொருள், செயல், இடம், காலம் என்று கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி கோத்துக்கொள்வது. இணையக் கடையில் நிறம், அளவு, விலை என்று ஒவ்வொன்றாகச் சொடுக்கி வடிகட்டுகிறீர்களே, அந்த எண்ணத்தின் கிளைதான் அது.

நிரல்நெசவு:

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். தாத்தா யானை வைத்திருந்தார் என்பதால் பேரனுக்குச் சங்கிலியைத் தடவிப் பார்க்கும் உரிமைதான் கிடைக்கும். கிளெவர்டன் நூலகர், கார்ஃபீல்டு நூலகவியல் படித்தவர், சரி. அவர்கள் கண்டதை இன்று கணினித் துறையில் கற்பிக்கிறார்கள். அக்காள் மகள் அங்கேயே போய்ப் படிக்கலாமே?

கரையான்:

பழைய இதழ்களைத் தோண்டிப் பிழைக்கும் வரலாற்று ஆய்வாளன். எந்தப் பக்கமும் சாராமல் வந்தேன். முதல் பதிவில் இருந்த "மூட்டு வலி" உதாரணம்தான் என்னை உசுப்பிவிட்டது.

நீங்கள் சொல்லும் தேடல் எனக்கு வேலை செய்கிறது, நன்றாகவே செய்கிறது. "காசநோய்" என்று கேட்டால் "எலும்புருக்கி நோய்", "க்ஷயரோகம்", "டி.பி." எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. முதல் தடவை பார்த்தபோது துள்ளிக் குதித்தேன். பிறகுதான் உறைத்தது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டது 1882இல். அதற்கு முன் ஒருவர் "க்ஷயம்" என்று எழுதினால், உடல் இளைத்துத் தேய்ந்து போவதைக் கண்ணால் பார்த்து எழுதினார். அதில் காசநோயும் இருக்கும், வேறு பலவும் இருக்கும். இயந்திரம் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பையை எண்ணி "இந்தப் பத்தாண்டில் காசநோய் பரவியது" என்று நான் எழுதினால் அது வரலாறு ஆகாது. ஒரு நல்ல சொல்தொகுதியில், இந்தச் சொல் இந்தக் காலத்துக்குப் பிறகு இந்தப் பொருளில், அதற்கு முன் அங்கே பார்க்க என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்த ஒற்றை வரியை எழுத இரு துறைகள் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது தொல்லை. கருவி எனக்கு மிகப் பொருத்தமான இருபதைக் கொடுக்கிறது. எனக்கு இருபது வேண்டாம். இருப்பது எல்லாம் வேண்டும், இவ்வளவுதான் இருக்கிறது என்ற உறுதியும் வேண்டும். "அப்படியொரு செய்தி வரவே இல்லை" என்று எழுதுவதுதான் எங்கள் வேலையிலேயே கடினமான வாக்கியம். ஒரு பட்டியலைப் பார்த்து அதை எழுதலாம். எதை விட்டது என்று சொல்லாத பெட்டியைப் பார்த்து எழுத முடியாது.

மூன்றாம் அடுக்கு:

கரையான் சொன்னதோடு ஒன்று. மருத்துவத்தில், ஒரு சிகிச்சை பலிக்கிறதா என்று அறிய அதுவரை வந்த ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி அலசுவார்கள். எந்தத் தரவுத்தளத்தில், என்ன சொற்களை எப்படிக் கோத்து, எந்த நாளில் தேடினோம் என்று அப்படியே எழுதிவைக்க வேண்டும். இன்னொருவர் அதே வழியில் போனால் அதே இடத்துக்கு வர வேண்டும். அந்தத் தேடலை வடிவமைக்க நூலகரையோ தகவல் நிபுணரையோ சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இப்படிப்பட்ட மருத்துவத் திறனாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்பின் கையேடே சொல்கிறது. உரையாடும் கருவியிடம் ஒரே கேள்வியைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நிரல்நெசவு:

இது நல்ல வாதம், குறித்துக்கொண்டேன். உலகத்தில் எத்தனை பேருக்கு அப்படிப்பட்ட தேடல் தேவைப்படும் என்பதையும் சொல்லுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஒரு பதிலோடு எழுந்து போகிறவர்கள்.

கரையான்:

தொண்ணூற்றைந்து என்பது எங்கே எண்ணியது? சும்மா கேட்டேன்.

நிரல்நெசவு:

எங்கும் எண்ணவில்லை. வாய்க்கு வந்தது. பிடித்துவிட்டீர்கள்.

ஆனால் மனிதர் கை பட்டால் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு பதில் வேண்டும். 2009இல் மொழியியலாளர் ஜெஃப்ரி நன்பெர்க், அச்சு நூல்களை மின்வடிவாக்கித் தேடத் தரும் 'கூகுள் நூல்கள்' சேவையின் விவரக் குறிப்புகளில் உள்ள குளறுபடிகளை அம்பலப்படுத்தினார். எக்கச்சக்கமான நூல்கள் 1899இல் வெளியானதாகப் பதிவாகியிருந்தன. 1947இல் பிறந்த ஸ்டீபன் கிங்கின் நாவல் ஒன்றும் அதில் அடக்கம். கூகுளின் பதில் என்ன தெரியுமா? வெளியிலிருந்து வந்த பதிவுத் தொகுதி ஒன்றில், ஆண்டு தெரியாத இடங்களில் 1899 என்று நிரப்பி வைத்திருந்தார்கள் என்றது. ஆக, பட்டியல் போட்டவர்களின் கைங்கரியம்.

ஓய்வில் இருப்பவன்:

ஆண்டு தெரியாவிட்டால் ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுக் கேள்விக்குறி இட வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதக்கூடாது. கணிப்பொறிப் படிவத்தில் நான்கு இலக்கம் போட்டால்தான் அடுத்த கட்டத்துக்கு விடுவேன் என்று யாரோ ஒரு நிரலாளர் கட்டிவைத்திருப்பார் என்று என் அனுபவம் சொல்கிறது. நான் பார்த்த படிவங்கள் பலவும் அப்படித்தான்.

மூன்றாம் அடுக்கு:

சண்டையை விட்டு ஒரு சம்பவம் சொல்கிறேன். இதை எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை, ஆனால் பாடத்தில் இதற்குப் பெயர் உண்டு: உசாத்துணை நேர்காணல். வந்தவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிப்பது.

அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். "பழைய வானிலைப் புள்ளிவிவரம் இருக்கிறதா?" என்றார். இருக்கிறது, எந்த ஆண்டு என்றேன். "ஐம்பதுகளிலிருந்து." மழையா, வெப்பமா? யோசித்தார். "காற்று." அவர் கையில் நோட்டு இல்லை, பேனா இல்லை. ஆய்வுக்கு வந்தவர் கை அப்படி இருக்காது. உட்காருங்கள் ஐயா என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். எந்தப் புயலைத் தேடுகிறீர்கள் என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. "பெரும்புயல் அடித்துக் கூரை பறந்த இரவில் நான் பிறந்தேன் என்று அம்மா சொல்வாள். எனக்குப் பிறப்புச் சான்று கிடையாது. ஓய்வூதியத்துக்குக் கேட்கிறார்கள்."

வானிலைப் புள்ளிவிவரம் அவருக்கு எதற்கு? அவருக்கு வேண்டியது தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, அல்லது வயதை உறுதிசெய்ய வேறு எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்ற விவரம். அதைத் தேடிக் கொடுத்தேன். பிறகு, அவருக்காக என்பதைவிட எனக்காகவே, பழைய செய்தித்தாள் தொகுப்புகளையும் புரட்டினோம். இரண்டு புயல்கள் அகப்பட்டன. ஒன்று பகலில் கரையைக் கடந்தது. மற்றது இரவில். அந்தப் பக்கத்தை நகலெடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சான்றாக அது எங்கும் செல்லாது என்பது அவருக்கும் தெரியும்.

நிரல்நெசவு:

படித்துவிட்டு, பொய் சொல்ல மனமில்லாததால் ஒரு காரியம் செய்தேன். "1950களின் வானிலைப் புள்ளிவிவரம் வேண்டும், குறிப்பாகக் காற்று" என்று ஒரு கருவியிடம் கேட்டேன். அட்டவணை கிடைக்கும் இடங்களை அழகாக வரிசைப்படுத்தியது. கடைசியில் "எதற்காகத் தேடுகிறீர்கள் என்று சொன்னால் இன்னும் உதவுவேன்" என்றும் கேட்டது. அம்மா, அதுவும் கேட்கத்தான் செய்கிறது.

மூன்றாம் அடுக்கு:

நேர்மைக்கு நன்றி. அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? முதலில் என்னிடமும் "சும்மாதான்" என்றார், அதை எழுத மறந்துவிட்டேன்.

கோப்புக்காடு:

தாமதமாக வருகிறேன். நானும் நிரலாளன்தான். நிரல்நெசவு சொல்லும் 'முதலில் தேடி, பிறகு பதில் சொல்லும்' வகைக் கருவிகளை நிறுவனங்களுக்குக் கட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. பெயர் வேண்டாம், ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஊழியர் விதிமுறைகள் எல்லாவற்றையும் கொடுத்துக் கருவியை ஏற்றினோம். முதல் வாரம் எல்லோரும் மெச்சினார்கள். இரண்டாம் வாரம் ஒரு பெண் ஊழியர் மகப்பேறு விடுப்பு எத்தனை நாள் என்று கேட்டார். கருவி ஒரு எண்ணைச் சொன்னது, ஆவணத்தையும் பக்கத்தையும் காட்டியது. ஆவணம் உண்மை, பக்கம் உண்மை, எண்ணும் அந்தப் பக்கத்தில் உள்ளதுதான். ஆனால் அந்த விதி திருத்தப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் அதை நம்பிக் குறைந்த நாட்களுக்கு விண்ணப்பித்தார். நல்லவேளையாக மேலாளர் கவனித்தார்.

கோப்புறையைத் திறந்து பார்த்தேன். அதே விதிமுறை நான்கு கோப்புகளாக இருந்தது. பெயர்கள்: "விடுப்பு_இறுதி", "விடுப்பு_இறுதி2", "விடுப்பு_திருத்தியது_இறுதி", "விடுப்பு_இதைப்பயன்படுத்தவும்". கடைசியாகச் சேமித்த தேதியைப் பார்க்கலாம் என்றால், சேமிப்பகம் மாற்றியபோது நான்கிலும் ஒரே தேதி விழுந்துவிட்டது. நான்கில் மிகப் பழையதே மிகத் தெளிவாக எழுதப்பட்டிருந்தது, ஆகவே கேள்விக்கு மிக நெருக்கமானது என்று கருவி அதைப் பிடித்துக்கொண்டது. மாதிரியை மாற்றினோம். இன்னும் விலை கூடியதை வாங்கினோம். அதுவும் அதே கோப்பைத்தான் எடுத்தது. சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்.

கடைசியில் ஒப்பந்த வேலைக்கு ஒரு பெண்மணியை அழைத்தார்கள். நூலகவியல் படித்தவர் என்பது பிறகுதான் தெரியும். அவர் கணினியைத் தொடவே மூன்று நாட்கள் ஆயின. ஒவ்வொரு துறைக்கும் போய், யார் இந்தக் கோப்பைத் திறக்கிறார்கள், எதற்காக, யாருடைய கையெழுத்தில் இது நடைமுறைக்கு வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சிறு படிவம் போட்டார். விதியின் நிலையான அடையாள எண், நடைமுறைக்கு வந்த நாள், எந்த விதிக்குப் பதிலாக வந்தது, எந்த விதியால் நீக்கப்பட்டது, பொறுப்பாளர். ஐந்தே புலங்கள், அதாவது நிரப்ப வேண்டிய கட்டங்கள். கருவியில் நான் சேர்த்தது, நீக்கப்பட்டதைக் கேட்டால் ஒழிய எடுக்காதே என்ற ஒரு கட்டளை. பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. அதுவரை மூன்று மாதங்கள் மாதிரியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஓய்வில் இருப்பவன்:

அந்தப் பெண்மணி செய்தது எங்கள் பழைய பாடம்தான்: படைப்பு வேறு, அதன் பதிப்பு வேறு, கையில் இருக்கும் படி வேறு என்று பிரித்துப் பார்ப்பது. நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1998இல் இதை முறையாக எழுதியே வைத்தது. சுருக்கமாகச் சொல்லிவிட்டேன், விரித்தால் என் மனைவி கணினியைப் பிடுங்கிவிடுவாள்.

நிரல்நெசவு:

கோப்புக்காடு, நம் ஆளே எதிரணிக்குப் போய்விட்டீர்களே! நீங்கள் விவரித்தது நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஐந்து புலங்கள். இதை யாருக்கும் ஒரு வாரத்தில் கற்றுக் கொடுக்கலாம்.

கோப்புக்காடு:

ஐந்து புலங்களைக் கற்றுக் கொடுக்கலாம். நாங்கள் முதலில் எங்கள் மூளையைக் கசக்கி நாற்பத்தொரு புலங்கள் போட்டிருந்தோம். ஒருவரும் நிரப்பவில்லை.

புதுமாணவி:

இரண்டாமாண்டு நூலகவியல் மாணவி. பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும்.

எங்கள் வகுப்பில் நடப்பதைச் சொன்னால் நிரல்நெசவு ஐயாவுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். செய்முறைத் தேர்வுக்கு இன்றும் 12.5க்கு 7.5 சென்டிமீட்டர் நூற்பட்டியல் அட்டை வரைந்து, சிவப்புக் கோடு போட்டு, எத்தனையாவது இடைவெளியில் தலைப்பு தொடங்க வேண்டும் என்று மனப்பாடம் செய்து எழுதுகிறோம். அட்டைப் பேழையை நான் அருங்காட்சியகத்தில்தான் பார்த்தேன். தரவுத்தளத்தில் கேள்வி எழுதும் மொழியை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை, நானாகக் கற்றேன். இந்தப் படிப்பை நம்பியா இவ்வளவு பேர் வாதாடுகிறீர்கள்?

ஒரு சின்ன வெற்றி மட்டும் உண்டு. தோழி ஒருத்தி, ஒரு கருவி சொன்ன நூலை ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள். அந்த நூலுக்கு உரியதாகக் கருவி சொன்ன ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண்ணை வாங்கிப் பார்த்தேன். பதின்மூன்று இலக்கங்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாக 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 124 வந்தது. அப்படி ஓர் எண் இருக்கவே முடியாது, தேடாதே என்றேன். என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

நிரல்நெசவு:

அது பத்து வரி நிரல், மகளே.

புதுமாணவி:

எழுதிவிட்டேன் ஐயா, ஏழு வரிதான். கண்மூடித்தனமாகப் புனைந்த எண்ணிலும் பத்தில் ஒன்று கணக்கில் தேறிவிடும் என்பதால், தேறிய எண்களை நூலகப் பட்டியலில் தேடிப் பார்க்கும் பகுதியையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் நீள்கிறது.

மூன்றாம் அடுக்கு:

அட்டை வரைவதைப் பற்றி நீ சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பாடத்திட்டக் கூட்டங்களில் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். அட்டையின் இடைவெளியைக் கற்பிக்கிறார்கள், அந்தத் தலைப்பை ஏன் அங்கே வைத்தார்கள் என்பதைக் கற்பிப்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்வார்களே, அதையும் பழைய ஏட்டில் வரைகிறார்கள். படிப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதன் உள்ளே கிடக்கும் வேலைக்குத்தான் வாங்குகிறேன். வேலை விளம்பரங்களில் தரவு ஒழுங்குமுறை, சொல் வகைமை, அறிவு வரைபடம் என்று பெயர் போட்டுத் தேடுகிறார்களே, அதெல்லாம் நம் வேலைதான். அங்கே போய் நீ "நூலகவியல்" என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள், அதையும் தெரிந்துகொண்டு போ.

நிரல்நெசவு:

அப்படியானால் கடைசியில் நானும் அம்மாவும் ஒன்றைத்தான் சொல்கிறோம்: பட்டம் வேண்டாம், வேலை வேண்டும்.

மூன்றாம் அடுக்கு:

இல்லை. பட்டத்தைத் திருத்த வேண்டும் என்கிறேன். என் வாயில் உங்கள் வார்த்தையைப் போடாதீர்கள்.

கரையான்:

இப்படி வாய் மாறிய வார்த்தைகளைத் தேடித்தான் நான் நாள் முழுக்கப் பழைய தாள்களில் புதைந்துகிடக்கிறேன்.

நிரல்நெசவு:

நேற்று இரவு அக்காள் மகளிடம் மறுபடி பேசினேன். விவாதம் முழுவதையும் படித்திருக்கிறாள். "மாமா, வேண்டாம் என்றீர்களே, நான் எதற்காக அதில் சேரப் பார்க்கிறேன் என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை" என்றாள். சரி, கேட்டேன். வட்டாரப் பாடகர்களின் பழைய ஒலிநாடாக்களைத் திரட்டி வைத்திருக்கும் ஒரு காப்பகத்தில் சேர வேண்டுமாம். ஆயிரக்கணக்கில் நாடாக்கள், பாதிக்கு மேல் உறையில் எழுத்தே இல்லையாம். அரைமணி நேரம் பேசினாள், நூல் என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை.

சம்பளத்தைப் பற்றிய என் கவலை அப்படியேதான் இருக்கிறது, கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டேன்.

மூன்றாம் அடுக்கு:

ஒலிநாடாவா? பாடியவர், பாட்டைக் கட்டியவர், பதிவு செய்தவர் மூவருக்கும் தனித்தனிப் புலம் போடச் சொல்லுங்கள். உறையில் இருந்ததைப் பார்த்து எழுதியது எது, கேட்டு ஊகித்தது எது என்பதற்கும் ஒன்று. முதல் நாளே. பிறகு பிரிக்க முடியாது.